கோலாலம்பூரில் சேரி எங்கே போனது?

தம்பி, சென்னையிலிருந்து வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பங்சார் சவுத்தில் அலுவலகம். எல்ஆர்டி ரயிலில் போகும் வழியில் ஒரு குடிசைகூடக் கண்ணில் படவில்லை. மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்) வாடகைக்கு மூன்று அறை வீடு கொடுக்கிறார்களாம். அப்படியிருக்க இந்த ஊர்த் தமிழர்கள் வீட்டைப் பற்றி ஏன் இத்தனை குறைப்பட்டுக்கொள்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. நீங்களும் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் அறை எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் அலுவலகத்திலிருந்தே தொடங்குவோம். பங்சார் சவுத் என்பது கட்டடம் விற்க வந்தவர்கள் வைத்த பெயர். அந்த இடம் கம்போங் கெரிஞ்சி. பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் இன்னும் கெரிஞ்சிதான். கண்ணாடிக் கட்டடங்கள் எழுவதற்கு முன் அங்கே பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வீடுகள் நெருக்கியடித்து நின்றன. அதற்கு அடுத்த நிலையமான அப்துல்லா ஹுக்கும் பெயரிலும் ஒரு கம்பம் இருந்தது. (மலாய் கம்போங்கைத்தான் நாங்கள் கம்பம் என்போம், சிற்றூர்க் குடியிருப்பு.) அது இப்போது கேஎல் எக்கோ சிட்டி. சிலாங்கூர் மாநிலம் 2005-க்குள் புறம்போக்கு வீடே இருக்கக்கூடாது என்று இலக்கு வைத்தது. தலைநகரமும் அதே வேகத்தில் இடித்தது. உங்கள் கண்ணில் குடிசை படாததற்குக் காரணம் இதுதான்.

ஒரு சொல் விளக்கம். நீங்கள் சேரி என்கிறீர்கள். உங்கள் ஊரில் அந்தச் சொல் சாதியின் சுமையோடு வருகிறது. (பழந்தமிழில் சேர்ந்து வாழும் இடமெல்லாம் சேரிதான், பார்ப்பனச் சேரியும் இருந்தது.) மலேசியாவில் நாங்கள் சொல்வது புறம்போக்கு. மலாயில் செத்திங்கான். வருவாய்த்துறைக் கணக்கில் நிலத்துக்கு இருந்த பெயரை மனிதர்களுக்கு வைத்து, 'புறம்போக்குவாசிகள்' என்று எங்கள் பத்திரிகைகளே எழுதின. நானும் ஒரு புறம்போக்குவாசியாக வளர்ந்தவள். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய ஒரு கம்பத்தில் வளர்ந்து, ரூமா பாஞ்சாங் எனப்படும் நீண்டவரிசை வீட்டில் 11 ஆண்டு இருந்து, இப்போது அடுக்குமாடியின் ஒன்பதாவது தளத்தில் இருக்கிறேன். பிழைப்புக்கு, சில அடுக்குமாடிகளின் நிர்வாகக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆகவே கீழே சொல்வதில் பாதி அனுபவம், பாதி கணக்குப் புத்தகம்.

தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. ஆனால் வேலை போனால் வீடும் போகும். வயதாகி ஓய்வு பெற்றாலும் போகும். முப்பது ஆண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவருக்குக் கையில் மிஞ்சுவது சேமநிதியில் இருக்கும் சில ஆயிரம் வெள்ளிதான். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கத் தொடங்கின. அதைத் தோட்டத் துண்டாடல் என்போம். அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் காசிலேயே தோட்டங்களை வாங்க முனைந்ததற்குக் காரணம் இந்தத் துண்டாடல்தான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. செம்பனைக்கு அவ்வளவு கைகள் தேவையில்லை. 1980-களுக்குப் பின் கிள்ளான் பள்ளத்தாக்கில் மரத்தைவிட மண்ணுக்கு விலை அதிகம் என்று ஆனது. வீடமைப்புத் திட்டங்களுக்கு முதலில் போனது தோட்ட நிலம். அங்கிருந்த மக்கள் பக்கத்து நகரத்தின் ஓரத்தில், ஆற்றங்கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் கைவிடப்பட்ட ஈயச்சுரங்க மேட்டிலும் வந்து ஒதுங்கினார்கள். எங்கள் அப்பா வந்தது அப்படித்தான். கூட வந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு கோழிக்கூடு, நாங்கள் நான்கு பிள்ளைகள்.

அந்தக் கம்பத்தைப் பற்றிச் சொல்லும்போது பலருக்குக் கண் கலங்கும். எனக்கு அவ்வளவு கலங்காது. மழை பிடித்தால் ஆற்று நீர் வீட்டுக்குள் வரும்; பாயைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டு விடியும்வரை நிற்போம். ஒரே குழாயில் முப்பது வீட்டுக்குத் தண்ணீர். மின்சாரம் பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்து இழுத்த கம்பியில் வரும். அந்தக் கம்பியில் தீப்பிடித்து ஒரு வரிசையே எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். கழிவறை தனியாக வெளியே. இரவில் பெண் பிள்ளைகள் தனியாகப் போக முடியாது. ஆனால் ஒன்று இருந்தது. வீடு எங்கள் கையில் இருந்தது. அண்ணனுக்குக் கல்யாணம் என்றால் பின்னால் ஓர் அறையைப் பலகை அடித்து நீட்டிக்கொள்ளலாம். வாசலில் முருங்கை, வெற்றிலைக்கொடி, இரண்டு ஆடு. பாட்டி ஆப்பம் சுட்டு விற்பாள். கூலி வராத வாரத்தில் அந்த ஆடும் ஆப்பமும்தான் சோறு போட்டன. அடுக்குமாடிக்குப் போன முதல் மாதமே எங்களுக்குச் செலவு கூடியதற்குக் காரணம் வாடகை அல்ல, கறிவேப்பிலைக்கும் காசு கொடுக்க நேர்ந்ததுதான்.

'இத்தனை ஆண்டு குடியிருந்தும் ஏன் பட்டா கேட்கவில்லை?' என்று சென்னையிலிருந்து வருகிற எல்லோரும் கேட்பார்கள். நீங்களும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் எதிரிடை அனுபவம் என்று ஒன்று இருக்கிறது: தனியார் நிலத்தில் 12 ஆண்டு, அரசு நிலத்தில் 30 ஆண்டு என்று ஒரு வாதமாவது செய்ய முடியும். மலேசியாவின் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. 48-ஆம் பிரிவு அரசு நிலத்துக்கும் 341-ஆம் பிரிவு தனியார் நிலத்துக்கும் அதை அடைத்துவிட்டன. நூறு ஆண்டு இருந்தாலும் காலம் உங்கள் பக்கம் சேராது. 1982-இல் பேராக் மாநில வழக்கு ஒன்றில் கூட்டரசு நீதிமன்றம், புறம்போக்குவாசிக்குச் சட்டத்தின்படியும் உரிமை இல்லை, நியாயத்தின்படியும் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. இதற்கும் மேல் 1969 அவசரகாலத்தில் வந்த விதிமுறைகள், நீதிமன்ற உத்தரவு இல்லாமலே வீட்டை இடிக்க அதிகாரம் தந்தன. கொஞ்சம் முன்யோசனை உள்ளவர்கள் டிஓஎல் எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் எடுத்து வைத்திருந்தார்கள். எந்த மாதம் எடுத்தாலும் அது டிசம்பர் 31-ஆம் தேதி முடிந்துவிடும். ஒவ்வொரு புத்தாண்டிலும் புதிதாகக் கெஞ்ச வேண்டும். தேர்தல் வந்தால் குழாய் வரும், தார்ச்சாலை வரும். அரசியல்வாதி திறந்துவைத்த குழாயைக் காட்டி இடம் நமக்குத்தான் என்று நம்பியவர்கள் எங்கள் கம்பத்தில் பாதிப் பேர்.

எங்கள் வீடு 1990-களின் தொடக்கத்தில் உடைபட்டது. உடைத்தவர்கள் எங்களை லாரியில் ஏற்றி, ஒட்டுப்பலகையில் கட்டிய ஒரு நீண்டவரிசையில் இறக்கிவிட்டு, 'பதினெட்டு மாதம் பொறுங்கள், அடுக்குமாடி கட்டித் தருகிறோம்' என்றார்கள். பதினெட்டு மாதம் 11 ஆண்டானது. மலேசிய நகர வறுமையின் மிக மோசமான வடிவம் எது என்று என்னைக் கேட்டால் கம்பத்தையும் சொல்ல மாட்டேன், அடுக்குமாடியையும் சொல்ல மாட்டேன். இந்த நீண்டவரிசை வீட்டைத்தான் சொல்வேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகை. அதுவும் கூரை வரை போகாது. பக்கத்து வீட்டுக் குழந்தை இருமினால் நம் வீட்டுக் குழந்தை விழிக்கும். தற்காலிகம் என்பதால் நீட்டிக் கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. ஆனால் ஓட்டை விழுந்தால் நீங்களே அடைத்துக்கொள்ள வேண்டும். கம்பத்தில் இருந்த சுதந்திரமும் இல்லை, அடுக்குமாடியில் கிடைக்கும் கழிவறையும் இல்லை. என் தங்கை முதலாம் படிவத்தில் (இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பு) நுழைந்ததும் வேலைக்குப் போனதும் அங்கிருந்துதான்.

2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா ஓரத்தில் கம்போங் மேடான் வட்டாரத்தில் நடந்த கலவரத்தைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு கல்யாண வீடும் ஓர் இறப்பு வீடும் அடுத்தடுத்து இருந்ததில் எழுந்த சச்சரவு, தமிழர் மலாய்க்காரர் மோதலாகி ஆறு உயிர் போனது. இனப் பகை என்று எழுதினார்கள். எங்களுக்கு அது இட நெருக்கடியும்தான். பந்தல் போட ஒரே சந்து இருக்கிற இடத்தில் இரு வீட்டுச் சடங்கும் ஒரே நாளில் வந்தால் யாராவது ஒருவர் வழிவிட வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பக்கம் அடுக்குமாடி வேலைகளுக்கு வேகம் வந்தது.

வீட்டோடு கோயிலும் போகும். 2007 அக்டோபர் இறுதியில், தீபாவளிக்குச் சில நாள் முன்னால், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் புறம்போக்குக் குடியிருப்பின் மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. நவம்பர் 25-இல் கோலாலம்பூரில், இந்தியர் உரிமைக்குக் குரல் கொடுத்த ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணிக்கு அத்தனை பேர் திரண்டதில் அந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு. பினாங்கில் கம்போங் புவா பாலா இருந்தது. மாடு வளர்த்த தமிழர்களின் பழைய ஊர்; 2009 செப்டம்பரில் தரைமட்டமானது. விடாமல் போராடியதால் அங்கே சில குடும்பங்களுக்கு இரட்டை மாடி வீடு வரை பேச்சு வந்தது. மாட்டை மேய்க்க இடம் வரவில்லை.

சரி, உங்கள் 124 வெள்ளிக்கு வருகிறேன். பிபிஆர் எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் வாடகை அது. நாளைக்கு நான்கு வெள்ளி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தேநீரும் இரண்டு வடையும் தின்றாலே அது போய்விடும். வீடு ஏறக்குறைய 700 சதுர அடி, மூன்று படுக்கையறை, கூடம், சமையலறை, குளியலறையும் கழிவறையும். இதைக் குறை சொல்பவள் அல்ல நான். எங்கள் அம்மா அடுக்குமாடிக்கு வந்த முதல் நாள் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக அரை மணி நேரம் நின்றாள். இரவில் கழிவறைக்குப் போக விளக்கும் துணையும் தேடாத முதல் வீடு அது.

சிக்கல் வீட்டுக்குள் இல்லை. வீட்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பிபிஆர் கட்டடத்தில் 316 வீடுகள், 17 அல்லது 18 தளம். வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் ஒரே கூரையின் கீழ் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல்; ஒரு தோட்டத்து மக்கள் தொகை. காலை ஆறரை மணிக்கு இத்தனை பேரும் மின்தூக்கிக்கு முன் நிற்கிறார்கள். மூன்றில் ஒன்று கெட்டுவிட்டால் பள்ளிப் பிள்ளை பஸ்ஸைத் தவறவிடுகிறது. மூன்றும் கெட்டால் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகும் நோயாளியை மகன் முதுகில் சுமந்து இறங்குகிறான். பெரும்பாலான மின்தூக்கிகளில் பிணப்பெட்டி நுழையாது. எங்கள் கட்டடத்தில் பதினான்காம் தளத்துப் பெரியவர் இறந்தபோது உடலைத் துணியில் கட்டிப் படிவழியே இறக்கி, கீழே பொதுக் கூடத்தில் பெட்டியில் வைத்துத்தான் சடங்கு செய்தார்கள். வீட்டு வாசலில் இருந்து புறப்பட வேண்டிய மனிதர், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்திலிருந்து புறப்பட்டார். அவர் மனைவிக்கு இன்றுவரை அதுதான் ஆறவில்லை.

2018 ஜனவரியில் பந்தாய் டாலாமில் உள்ள ஒரு பிபிஆரில் மேலிருந்து வீசப்பட்ட அலுவலக நாற்காலி விழுந்து, கீழே நடந்து சென்ற 15 வயதுத் தமிழ்ப் பையன் இறந்தான். நாடே பேசியது, 'நாகரிகம் இல்லாத மக்கள்' என்றது. வீசியவனுக்கு மன்னிப்பில்லை. ஆனாலும், பழைய மெத்தையையும் நாற்காலியையும் போட அந்தந்த மாடியில் இடம் கிடையாது. கீழே கொண்டுபோக மின்தூக்கி வேலை செய்ய வேண்டும். கொண்டுபோய்ப் போட்டாலும் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நாகரிகப் பாடம் நடத்தும் பொறுப்பாளர்கள், பெரிய குப்பையை எடுக்க வாரம் ஒரு நாளைக் குறித்து மாடிக்கு மாடி அறிவித்திருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்திருக்கும்.

இதுவரை சொன்னது வாடகை வீடு. அங்கே உடைமையாளர் மாநகர் மன்றமோ அரசோ. வாங்கிய மலிவு விலை வீடுகளின் கதை வேறு. அதுதான் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய வீடமைப்புத் திட்டம் போடுபவர் 30 விழுக்காடு மலிவு விலை வீடு கட்ட வேண்டும் என்று 1980-களில் விதி வந்தது. விலை 25,000 வெள்ளி. 1998-இல் இடத்தைப் பொறுத்து 42,000 வரை உயர்ந்தது. இலாபம் இல்லாத வீட்டை யார் நல்ல இடத்தில் கட்டுவார்? திட்டத்தின் மூலையில், சாக்கடை ஓரம், மின்கோபுரத்தின் கீழ் கட்டினார்கள். அவை நம் மக்களுக்குக் கிடைத்த முதல் சொந்த வீடு.

நான் கணக்குப் பார்க்கும் கட்டடம் ஒன்று: 14 தளம், 224 வீடு, மூன்று மின்தூக்கி. பராமரிப்புக் கட்டணம் மாதம் 45 வெள்ளி. 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா (அடுக்குமாடிக் கூட்டு உடைமை) நிர்வாகச் சட்டப்படி அதன்மேல் பத்து விழுக்காடு சேமிப்பு நிதிக்குப் போக வேண்டும். எல்லோரும் கொடுத்தால் மாதம் 11,000 வெள்ளி வரும். வருவது ஆறாயிரம். மின்தூக்கி, தண்ணீர் ஏற்றும் பம்பு, நடைவழி விளக்கு ஆகியவற்றின் மின்கட்டணம், துப்புரவு, மின்தூக்கிக் கம்பெனியின் மாதச் சந்தா, சட்டம் கட்டாயமாக்கிய தீக் காப்புறுதி, ஆறாயிரமும் போயிற்று. சேமிப்பு நிதிக் கணக்கில் இருக்க வேண்டிய பணம் எப்போதோ ஒரு பம்பு வெடித்தபோது கரைந்தது. மின்தூக்கி ஒன்றை மாற்ற சில லட்சம் வெள்ளி ஆகும். அது எங்கிருந்து வரும்?

ஏன் கொடுப்பதில்லை என்றால், வறுமை என்று எல்லோரும் சொல்வார்கள். என் பட்டியலைப் பார்த்தால் கதை வேறு. மிகப் பெரிய பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் இங்கே குடியிருப்பதே இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தரை வீட்டுக்குப் போய்விட்டார்கள். சில வீட்டின் உடைமையாளர் இறந்துவிட்டார். பிள்ளைகள் பெயர் மாற்றவில்லை, நோட்டீஸ் யார் பெயருக்கு அனுப்புவது? மேம்பாட்டாளர் திவாலாகி, இன்னும் ஸ்ட்ராத்தா பட்டாவே வராத கட்டடங்களும் உண்டு. சட்டம் எனக்கு ஆயுதம் தராமல் இல்லை. 14 நாள் நோட்டீஸ் கொடுக்கலாம், நடுவர் மன்றத்துக்குப் போகலாம், ஆணை பெற்று வீட்டுப் பொருளைக்கூட ஜப்தி செய்யலாம். மூன்றாம் மாடியில் கணவனை இழந்து கேக் சுட்டு விற்கும் பெண்ணின் அடுப்பை ஜப்தி செய்ய நான் கையெழுத்து வைப்பேனா? வைக்க மாட்டேன். ஆறாம் மாடிக்காரர், இரண்டு கார் வைத்திருப்பவர், அவள் பெயரைக் காட்டியே தானும் கொடுக்காமல் இருக்கிறார். அவர்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இங்கே எழுதினால் எழுத்துத் தமிழ் தாங்காது.

பழைய கட்டடங்கள் சிலவற்றில் தண்ணீருக்கும் முழுக் கட்டடத்துக்கு ஒரே மீட்டர். பாக்கி ஏறினால் கொடுத்தவர் வீட்டிலும் குழாய் வறண்டுபோகும். வீட்டு வாரியாக மீட்டர் மாற்றிய பிறகுதான் பல கட்டடங்களில் சண்டை ஓய்ந்தது.

குழந்தைகளைப் பற்றி ஒரு கணக்கு. யுனிசெஃப் கோலாலம்பூர் வட்டாரத்தின் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 22 விழுக்காடு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 விழுக்காடு எடைக்குறைவு. இரட்டைக் கோபுரம் தெரிகிற சன்னலுக்குப் பின்னால் இந்த நிலை. கம்பத்தில் எங்களுக்கு வெள்ளமும் பாம்பும் இருந்தன. முட்டையும் முருங்கைக்கீரையும்கூட இருந்தன. 700 சதுர அடியில் மூன்று தலைமுறை இருந்தால் பதின்ம வயதுப் பையன் கூடத்தில்தான் படுப்பான். தொலைக்காட்சி அணையும்வரை அவனுக்கு இடமில்லை, கீழே இறங்குவான். கீழே யார் காத்திருக்கிறார்கள் என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். 2021-இல் ஊரடங்கின்போது உதவி கேட்டு வெள்ளைக் கொடி கட்டச் சொன்னார்களே, எங்கள் வரிசையில் தலையணை உறைகள் தொங்கின. அந்தந்த மாடிக்காரர்களே அரிசி பகிர்ந்துகொண்டார்கள். அடுக்குமாடியில் கம்பத்தை நான் கண்ட சில நாள்கள் அவை.

பிபிஆர் வீடு குடிமக்களுக்கு மட்டும். தோட்டத்தில் பிறப்புப் பதியாமல் விடப்பட்டு, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு (நிரந்தரவாசி, குடிமகன் அல்ல) இருக்கும் முதியவர்கள் விண்ணப்பமே செய்ய முடியாது. அவர்கள்தான் கடைவீட்டு மாடிகளில் ஒட்டுப்பலகையால் தடுத்த அறைகளில் இருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து உணவகத்துக்கும் முடிதிருத்தகத்துக்கும் வேலைக்கு வரும் பிள்ளைகளும் அங்கேதான். சேரியை ரயில் சன்னலில் தேடாதீர்கள். கடைகளின் முதல் மாடிச் சன்னலில் காயும் துணிகளைப் பாருங்கள்.

இப்போது புதிய பயம் ஒன்று. ஸ்ட்ராத்தா கட்டடத்தைக் கலைக்க இதுவரை எல்லா உடைமையாளரும் சம்மதிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா, 30 ஆண்டைத் தாண்டிய கட்டடத்துக்கு 75 விழுக்காட்டினர் ஒப்பினால் போதும் என்றது; கைவிடப்பட்ட கட்டடத்துக்கு 51. நான் இதை முழுக்க எதிர்ப்பவள் இல்லை. என் 224 வீட்டு மின்தூக்கிக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் அம்மாவிடம் இதை விளக்கியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: 'எத்தனை மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள்?'

உங்கள் அறைக்கு வருகிறேன். பிபிஆர் வாடகை வீட்டில் அறை எடுக்காதீர்கள். அதை உள்வாடகைக்கு விடுவது விதிமீறல். உங்களுக்குக் கொடுப்பவர் 124 வெள்ளி கட்டிவிட்டு, உங்களிடம் அதைப்போல் மூன்று மடங்கு வாங்குவார். வீடு கேட்டு வரிசையில் காத்திருக்கும் ஒரு குடும்பம் இன்னும் காத்திருக்கும். தனியார் மலிவு விலை அடுக்குமாடியில் தாராளமாக எடுங்கள். பார்க்கப் போவது ஞாயிறு மதியம் வேண்டாம், வேலை நாள் காலை ஏழு மணிக்குப் போங்கள்; எத்தனை மின்தூக்கி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். கீழே அறிவிப்புப் பலகையில் சென்ற மாதக் கணக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் பராமரிப்புக் கட்டண ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லை என்று சிரித்தால் வேறு வீடு பாருங்கள். அவர் பெயர் என்னைப் போன்ற யாரோ ஒருத்தியின் பட்டியலில் இருக்கிறது.